கடல் கடந்து வரும் ஆட்டக்காரன்

கூடைப்பந்தாட்டம் பிறந்த கதையை உங்களில் பலர் அறிந்திருப்பீர்கள். 1891ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில், அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஸ்பிரிங்ஃபீல்டு நகரில், பனிக்காலத்தில் வெளியே ஆட வழியில்லாமல் அடைபட்டுக் கிடந்த மாணவர்களுக்காக ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்ற ஆசிரியர் இரண்டு பழக்கூடைகளை உயரத்தில் மாட்டி இந்த ஆட்டத்தைத் தொடங்கி வைத்தார். அவர் அமெரிக்காவில் பிறந்தவர் அல்லர். கனடா நாட்டிலிருந்து வந்தவர். ஆகவே அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தாட்டத்திற்கு வந்து சேர்ந்த முதல் அயல்நாட்டார் அந்த ஆட்டத்தைப் படைத்தவரே என்று வேடிக்கையாகச் சொல்லலாம். அவர் பிற்காலத்தில் கான்சாஸ் பல்கலைக்கழகத்தின் முதற் பயிற்சியாளராகவும் இருந்தார். அந்தப் பல்கலைக்கழகத்தின் பயிற்சியாளர்களுள் வெற்றியைக் காட்டிலும் தோல்வி மிகுந்த கணக்கை உடையவர் அவர் ஒருவரே என்பது இன்னொரு வேடிக்கை.

இன்று நான் சொல்ல வந்தது அந்த ஆட்டத்தின் சரித்திரத்தை அன்று. அதைப் பார்க்கிறவர்களின் மனம் எப்படி வேலை செய்கிறது என்பதைப் பற்றியே சொல்ல விரும்புகிறேன். கடல் கடந்த ஒரு தேசத்திலிருந்து, இதுவரை கண்ணால் கண்டறியாத ஒரு வாலிபன் தங்கள் கல்லூரி அணியில் சேரப் போகிறான் என்ற செய்தி வந்ததும், ரசிகர்கள் அவனை எந்தத் தராசில் நிறுத்துப் பார்க்கிறார்கள்? அந்தத் தராசு சரியானதுதானா?

முதலில் அந்த ரசிகர்கள் யார் என்று தெரிந்துகொள்ள வேண்டும். கென்டக்கி மாநிலத்தை எடுத்துக்கொள்வோம். நாடறிந்த தொழில்முறைச் சங்கத்தின் அணி ஒன்றுகூட அந்த மாநிலத்தில் இல்லை. பல்கலைக்கழகத்தின் அணிதான் ஊருக்கும் நாட்டுப்புறத்திற்கும் பொதுவான அணி. லெக்சிங்டன் நகரில் அது ஆடும் அரங்கில் ஏறக்குறைய 20,000 பேர் கூடுகிறார்கள். அந்தக் கல்லூரி வாசலை மிதித்தறியாத விவசாயியும், கடைக்காரரும், ஓய்வுபெற்ற உபாத்தியாயரும் அவர்களுள் உண்டு. ஆட்டம் நடப்பது குளிர்காலத்தில். ஆனால் பேச்சு நடப்பது ஆண்டு முழுவதும். நாட்டின் முதல் வரிசையில் 350க்கு மேற்பட்ட பல்கலைக்கழகங்கள் ஆடுகின்றன. ஒவ்வொன்றின் பயிற்சியாளரும் பள்ளி பள்ளியாக அலைந்து, திறமையுள்ள சிறுவர்களைத் தேடி, உபகாரச் சம்பளம் தந்து அழைத்து வருகிறார். உள்நாட்டுப் பையனாக இருந்தால் அவனைப் பார்த்தவர்கள் பலர் இருப்பார்கள். அவன் ஆடிய பள்ளி எது, எதிர்த்தவர்கள் யார் என்பதெல்லாம் தெரிந்த சங்கதி. லித்துவேனியாவிலிருந்தோ, செனெகலிலிருந்தோ, ஆஸ்திரேலியாவிலிருந்தோ ஒருவன் வருகிறான் என்றால் கையில் இருப்பவை மூன்றே: ஒரு துண்டுப் படம், ஓர் எண் பட்டியல், அவனுடைய உயரம்.

படத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. தரகர் கொண்டுவரும் புகைப்படத்தைப் பார்த்து மாப்பிள்ளையை நிச்சயம் செய்த குடும்பங்களுக்கு அதன் பெருமை தெரியும். ஐந்து நிமிடம் ஓடும் அந்தப் படத்தில் அவன் எறிந்த பந்தெல்லாம் வளையத்திற்குள் விழுகிறது. விழாத பந்துகளைச் சேர்த்துப் படம் எடுப்பவர் எவரும் இல்லை. ஆயினும் விவரம் தெரிந்த ரசிகர் அந்தப் படத்திலும் சிலவற்றைக் கண்டுகொள்கிறார். பந்து தன் கையில் இல்லாத நேரத்தில் அவன் எங்கே நிற்கிறான், இடது கையைப் பயன்படுத்துகிறானா, அவனைச் சுற்றி நிற்பவர்கள் அவன் தோளுக்கு வருகிறார்களா அல்லது இடுப்புக்குத்தான் வருகிறார்களா என்பவை அவர் கண்ணில் படும். படம் எடுத்தவர் மறைக்க நினையாதவை அவை.

எண் பட்டியலில்தான் பெரும்பாலோர் இடறி விழுகிறார்கள். ஐரோப்பாவில் ஆட்டம் வளர்வது பள்ளியில் அன்று, சங்கத்தில். லித்துவேனியாவின் கௌனாஸ் நகரில் உள்ள சால்கிரிஸ் போன்ற சங்கங்கள் சிறுவர்களைச் சிறு வயதிலேயே சேர்த்துக்கொண்டு படிப்படியாக ஏற்றுகின்றன. அப்படி வளர்ந்த 17 வயதுப் பையன் ஒருவன், 30 வயது நிரம்பிய தொழில்முறை ஆட்டக்காரர்களோடு களத்தில் இறங்கினால், ஒரு பந்தயத்தில் 8 நிமிடம் ஆடுவான்; 4 புள்ளிகள் எடுப்பான். அமெரிக்கப் பள்ளி ஒன்றில் அவன் வயதுப் பையன் ஒருவன் தன்னையொத்த சிறுவர்களோடு ஆடி 30 புள்ளிகள் எடுத்திருப்பான். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் ரசிகருக்கு முன்னவன் சோப்ளாங்கியாகத் தோன்றுவதில் வியப்பில்லை. 8 நிமிடத்திற்கு 4 என்றால் முழு ஆட்டமான 40 நிமிடத்திற்கு 20 என்று அவரோடு வாதாடுகிற கணக்குப்புலியும் உண்டு. அவரும் பாதிதான் சரி. 8 நிமிடம் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஓடுகிறவன் 40 நிமிடமும் அவ்வாறே ஓடுவான் என்பதற்கு என்ன உறுதி?

இங்கே கணிதம் படிக்கும் மாணவர்களுக்கு ஒரு சின்னக் கணக்கு. தொலைவிலிருந்து எறியும் பந்துகளில் மூன்றில் ஒன்றை மட்டுமே வளையத்தில் போடக்கூடிய சாதாரணத் திறமை உள்ளவன் ஒருவன் இருக்கிறான் என்று வைத்துக்கொள்வோம். அவன் ஒரு சிறு போட்டியில் 12 முறை எறிகிறான். அவற்றில் பாதியோ பாதிக்கு மேலோ உள்ளே விழுவதற்குள்ள வாய்ப்பு, கணக்குப் போட்டுப் பார்த்தால், 100க்கு ஏறக்குறைய 18. அதாவது அத்தகைய சாதாரண ஆட்டக்காரர் ஆறு பேர் வந்தால் அவர்களுள் ஒருவராவது மகாகெட்டிக்காரராகக் காட்சியளிக்க இடம் உண்டு! அதே ஆள் 100 முறை எறிந்து பாதி போடுவது ஆயிரத்தில் ஒரு தடவைகூட நேராது. வெளிநாட்டுப் பையனைப் பற்றி ரசிகருக்குக் கிடைப்பது பெரும்பாலும் அந்த 12 எறிகைகளின் கணக்கே. இதனால்தான் அனுபவசாலிகள், யாரும் மறிக்காமல் கோட்டருகே நின்று எறியும் தண்டனை எறிகைகளின் கணக்கைத் தேடிப் பார்க்கிறார்கள். அந்த எறிகைக்கு ஊர் பேதம் இல்லை. எதிராளி பேதமும் இல்லை.

ஆட்டமே சிறிது வேறுபடுகிறது என்பதையும் மறக்கக் கூடாது. சர்வதேச விதிப்படி, பந்து கைக்கு வந்த 24 விநாடிக்குள் எறிந்தாக வேண்டும். அமெரிக்கக் கல்லூரி ஆடவர் ஆட்டத்தில் 30 விநாடி. சர்வதேச ஆட்டத்தில் பந்து வளையத்தைத் தொட்டுவிட்டால், அது விளிம்பின் மேல் ஆடிக்கொண்டிருக்கும்போதே கையை நீட்டித் தட்டிவிடலாம். அமெரிக்கக் கல்லூரியில் அப்படிச் செய்தால் விதிமீறல். சிறு பிராயம் முதல் பந்தைத் தட்டிப் பழகிய நெட்டையன் ஒருவன் இங்கே வந்து முதல் வாரத்திலேயே நான்கு முறை அந்தப் பிழையைச் செய்தால், “இவனுக்கு ஆட்டமே தெரியவில்லை” என்று கூட்டம் முணுமுணுக்கும். அவனுக்கு ஆட்டம் நன்றாகவே தெரியும். அவன் அறிந்தது வேறொரு விதிப் புத்தகம்.

மூன்றாவது, உயரம். இதைப் பற்றிப் பேசும்போது ஒருவருடைய பெயரைச் சொல்லாமல் இருக்க முடியாது.

நைஜீரியாவின் லாகோஸ் நகரில் 1963ஆம் ஆண்டில் பிறந்தவர் ஹக்கீம் ஒலாஜுவான். பள்ளியில் அவர் கால்பந்தில் இலக்குக் காப்பாளராக நின்றார், கைப்பந்தும் ஆடினார். 15 வயதுக்குப் பிறகே கூடைப்பந்தைத் தொட்டார். 1980ஆம் ஆண்டில் டெக்சாஸ் மாநிலத்தின் ஹூஸ்டன் பல்கலைக்கழகத்திற்குச் சென்றார். பெரிய அழைப்பு ஒன்றும் இல்லை. அவர் ஆட்டத்தைப் பார்த்த ஒருவர், பயிற்சியாளர் கை லூயிஸுக்குச் சொல்லி அனுப்ப, “வந்து ஆடிக் காட்டட்டும்” என்ற அளவில் வந்த அழைப்பு அது. விமான நிலையத்தில் அவரை எதிர்கொள்ள ஒருவரும் வரவில்லையாம். தொலைபேசியில் கேட்டபோது, ஒரு வாடகைக் கார் பிடித்து வந்துவிடும்படி சொன்னார்களாம். இதை அவரே பின்னாளில் நினைவுகூர்ந்திருக்கிறார்.

முதல் ஆண்டு அவர் பந்தயம் எதிலும் ஆடவில்லை. அனுமதி கிடைக்காததால் பயிற்சியோடு நின்றார். 1981-82ஆம் பருவத்தில் ஆட்டத்திற்குச் சராசரி 18 நிமிடம் ஆடி, 8.3 புள்ளிகளும், வளையத்தில் பட்டுத் திரும்பிய பந்துகளில் 6.2ம் கைப்பற்றினார். இந்த எண்களை மட்டும் ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி உங்கள் கையில் கொடுத்தால் என்ன சொல்வீர்கள்? உயரமான பையன், பரவாயில்லை என்பீர்கள். அவருக்கே அது போதவில்லை. இன்னும் அதிக நேரம் ஆட என்ன செய்ய வேண்டும் என்று பயிற்சியாளர்களைக் கேட்டார். ஊரிலேயே இருந்த மோசஸ் மலோனோடு ஆடிப் பார் என்றார்கள். மலோன் அப்போது தொழில்முறைச் சங்கத்தின் தலைசிறந்த ஆட்டக்காரர் என்ற விருதைப் பெற்றவர். ஹூஸ்டனில் ஃபாண்டி என்ற பொது விளையாட்டுக் கூடத்தில், பந்தயம் இல்லாத கோடை மாதங்களில் அவர் மற்றத் தொழில்முறை ஆட்டக்காரர்களோடு ஆடுவது வழக்கம். அங்கே போய் அவருடைய முழங்கையிலும் தோளிலும் இடிபட்டு இந்த நைஜீரிய வாலிபர் கற்றுக்கொண்டார்.

அடுத்த பருவத்தில் அவருடைய கணக்கு 13.9 புள்ளி, கைப்பற்றிய பந்து 11.4, எதிராளியின் எறிகையைத் தடுத்தது ஆட்டத்திற்கு 5க்கு மேல். 1983ஆம் ஆண்டு இறுதிப் பந்தயத்தில் ஹூஸ்டன், வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகத்திடம் 54க்கு 52 என்ற கணக்கில் கடைசி விநாடியில் தோற்றது. தோற்ற அணியைச் சேர்ந்த ஒலாஜுவானுக்கே அந்தப் போட்டியின் தலைசிறந்த ஆட்டக்காரர் என்ற பட்டம் கிடைத்தது. 1984ஆம் ஆண்டில் தொழில்முறை அணிகள் புதியவர்களைத் தேர்ந்தெடுத்தபோது முதலாவதாக அழைக்கப்பட்ட பெயர் அவருடையது. மைக்கேல் ஜோர்டன் அந்த ஆண்டு மூன்றாமவர். ஹூஸ்டன் நகரின் தொழில்முறை அணிக்கு 1994, 1995 இரண்டு ஆண்டுகளிலும் வெற்றிக் கிண்ணத்தை வாங்கித் தந்தார் ஒலாஜுவான்.

ரசிகர்கள் இந்தக் கதையை எப்படிச் சொல்கிறார்கள் என்று கவனியுங்கள். “ஏழடிப் பையன் ஒருவன் வந்தான், அவனுக்குள் இருந்தது வெளிப்பட்டது” என்று சொல்கிறார்கள். நிலத்தடியில் கிடந்த புதையலை யாரோ தோண்டி எடுத்ததுபோல! என்னுடைய அபிப்பிராயம் வேறு. கால்பந்தாட்டம் அவருடைய பாதங்களுக்கு ஒரு நயத்தைத் தந்திருந்தது, உண்மை. ஆனால் ஓராண்டுக் காத்திருப்பும், நேரத்தைக் குறைத்து ஆடவிட்ட பயிற்சியாளரும், கோடைக்காலத்தில் மலோனிடம் பட்ட இடிகளும் இல்லாவிட்டால் அந்த ஏழடி உயரம் என்னவாகியிருக்கும்? வந்தவனை மட்டும் நிறுத்துப் பார்க்கிறவர்கள் அவனை ஏற்றுக்கொள்ளும் இடத்தை நிறுக்க மறந்துவிடுகிறார்கள். தராசுக்குத் தட்டு இரண்டல்லவா?

இன்னொரு பிழையும் இதில் இருக்கிறது. நாம் ஒலாஜுவானை நினைவில் வைத்திருக்கிறோம். அவரைப்போலவே உயரமாக, அவரைப்போலவே தாமதமாகப் பந்தைத் தொட்டு, அவரைப்போலவே தனியாக விமானத்திலிருந்து இறங்கி, இரண்டு குளிர்காலம் பெஞ்சில் உட்கார்ந்திருந்துவிட்டு வேறு சிறு கல்லூரிக்கோ சொந்த ஊருக்கோ போய்விட்டவர்களின் பெயர் யாருக்கும் தெரியாது. “இன்னொரு ஒலாஜுவான் வருகிறான்” என்று எழுதும் பத்திரிகைக்காரர் அந்தப் பெயரற்றவர்களைக் கணக்கில் சேர்ப்பதில்லை. நம்பிக்கை இப்படி ஊதிப் பெருகுவதற்கு விலை கொடுப்பவர் ரசிகர் அல்லர். பதினெட்டு வயதில், வாழ்நாளில் முதன்முறையாகப் பனியைப் பார்த்து, புரிந்தும் புரியாத ஆங்கிலத்தில் பாடம் கேட்டு, இரவில் வீட்டு நினைவில் உறக்கம் வராமல் கிடக்கும் அந்தப் பையனே விலை கொடுக்கிறான். ஆறு வாரத்தில் அவனை “வீண்” என்று ஒதுக்கிவிடுகிறவர்கள், அந்த ஆறு வாரத்தில் அவன் பந்தைத் தவிர வேறு எவற்றையெல்லாம் கற்க வேண்டியிருந்தது என்று எண்ணிப் பார்ப்பதில்லை.

டிகெம்பே முட்டோம்போவின் விஷயம் இன்னும் விசித்திரமானது. அவரை யாரும் படம் பார்த்துத் தேர்ந்தெடுக்கவில்லை. காங்கோ நாட்டிலிருந்து 1987ஆம் ஆண்டில் உதவிப் பணம் பெற்று, மருத்துவராகும் நோக்கத்தோடு வாஷிங்டனின் ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகத்தில் படிக்க வந்தவர் அவர். ஏழடிக்கு மேல் வளர்ந்த மாணவர் ஒருவர் வளாகத்தில் நடமாடினால் கூடைப்பந்துப் பயிற்சியாளர் கண்ணில் படாமல் இருப்பாரா? ஜான் தாம்சன் அவரை அணிக்கு அழைத்தார். மருத்துவப் படிப்பு கைகூடவில்லை. மொழியியலிலும் ராஜதந்திரத் துறையிலும் பட்டம் பெற்றார். தொழில்முறைச் சங்கத்தில் மிகச் சிறந்த தற்காப்பு ஆட்டக்காரர் என்ற விருதை நான்கு முறை பெற்றார். ஆட்டத்தில் ஈட்டிய பொருளைக் கொண்டு கின்ஷாசா நகரில் தம் தாயாரின் பெயரால் ஒரு மருத்துவமனையை நிறுவினார். அது 2007ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. முட்டோம்போ 2024ஆம் ஆண்டில் காலமானார். மருத்துவமனை இருக்கிறது. இதை எந்த ரசிகரின் எண் பட்டியலில் எந்தக் கட்டத்தில் எழுதுவது?

ஏற்றுக்கொள்ளும் இடம் என்றேன். அதற்கு நல்ல சான்று கலிபோர்னியாவில் மொராகா என்ற சிற்றூரில் உள்ள செயின்ட் மேரிஸ் கல்லூரி. பெரிய பல்கலைக்கழகங்களோடு போட்டியிட்டு உள்நாட்டுப் பையன்களைப் பிடிக்கும் வசதி அதற்கு இல்லை. அதன் பயிற்சியாளர் ராண்டி பென்னட் ஆஸ்திரேலியாவின் பக்கம் பார்வையைத் திருப்பினார். பேட்டி மில்ஸ் 2007 முதல் 2009 வரை அங்கே ஆடினார். அவர் போன கையோடு மாத்யூ டெல்லவடோவா வந்து 2013 வரை ஆடினார். இருவரும் நெட்டையர் அல்லர். மில்ஸ் தொழில்முறைத் தேர்வில் 55ஆவது ஆளாக எடுக்கப்பட்டார். டெல்லவடோவாவை அந்தத் தேர்வில் எவரும் எடுக்கவே இல்லை. ஆயினும் முன்னவர் 2014ஆம் ஆண்டில் சான் அன்டோனியோ அணியோடும், பின்னவர் 2016ஆம் ஆண்டில் கிளீவ்லாண்டு அணியோடும் வெற்றிக் கிண்ணத்தைத் தொட்டார்கள். முன்னே வந்தவன் பின்னே வருகிறவனுக்கு வழிகாட்டியாக இருந்தால், புதிதாக வந்து இறங்கும் பையனுக்குத் தன் பேச்சைப் புரிந்துகொள்ள ஓர் ஆள் இருக்கிறது. பயிற்சியாளருக்கும் அவன் எந்த விதமான ஆட்டத்திலிருந்து வருகிறான் என்பது தெரிந்திருக்கிறது. அந்தக் கல்லூரியின் ரசிகர்கள் புது ஆஸ்திரேலியனைப் பார்த்து மற்றவர்களைப்போல் பதறுவதில்லை.

சமீபத்தில் பணமும் இந்தக் கணக்கில் புகுந்துவிட்டது. முன்பெல்லாம் தொழில்முறைச் சங்கத்தில் சம்பளம் வாங்கியவன் கல்லூரி ஆட்டத்தில் சேர முடியாது. துருக்கியிலிருந்து கென்டக்கிக்கு 2010ஆம் ஆண்டில் வந்த எனெஸ் கான்டர், தம் பழைய சங்கத்திடம் செலவுக்கு மேற்பட்ட பணம் பெற்றார் என்று தீர்ப்பாகி, ஒரு பந்தயம்கூட ஆடாமலே விலக நேர்ந்தது. 2021ஆம் ஆண்டில் ஆட்டக்காரர்கள் தங்கள் பெயரைக் கொண்டு பொருளீட்ட அனுமதி வந்தது. 2025ஆம் ஆண்டு ஜூலை முதல் பல்கலைக்கழகங்களே நேரடியாகப் பணம் தரலாம் என்றும் ஆயிற்று. விளைவு என்ன? ஸ்பெயினின் பெரிய சங்கங்களில் பயின்றவர்கள் கல்லூரிக்கு வரத் தொடங்கினார்கள். 2024-25ஆம் பருவத்தில் பார்சிலோனாவிலிருந்து லித்துவேனியாவின் கஸ்பராஸ் யாகுசியோனிஸ் இல்லினாய்ஸ் பல்கலைக்கழகத்திற்கும், மாட்ரிட்டிலிருந்து ரஷ்யாவின் யெகோர் டியோமின் பிரிகம் யங் பல்கலைக்கழகத்திற்கும் வந்தார்கள். ஓராண்டு ஆடிவிட்டு இருவரும் தொழில்முறைக்குப் போய்விட்டார்கள். இத்தகையவர்களைப் பற்றிப் பேசும்போது ரசிகர், “நான்கு ஆண்டில் இவன் எப்படி ஆவான்?” என்று கேட்பதில்லை, “இந்தக் குளிர்காலத்திற்கு உதவுவானா?” என்றுதான் கேட்கிறார். கேள்வி மாறிவிட்டது. பொறுமைக்கு இடம் குறைந்துவிட்டது என்று எனக்கு வருத்தமே.

பொறுமைக்கு இடம் இருந்த காலத்து வாலிபர் ஒருவரைப் பற்றிச் சொல்லி முடிக்கிறேன். கரீபியக் கடலில் செயின்ட் குரோய் என்ற தீவு. அமெரிக்க ஆட்சிக்கு உட்பட்டது. அங்கே பிறந்த டிம் டங்கன் சட்டப்படி அயல்நாட்டவர் அல்லர். கடல் கடந்தவர் மட்டுமே. சிறுவயதில் அவர் நீச்சற்காரர். 1989ஆம் ஆண்டில் ஹியூகோ என்ற புயல் தீவைத் தாக்கியபோது நீச்சற்குளம் பாழாயிற்று. அதன் பின்னரே கூடைப்பந்து. அவருக்கு 14 வயது நிரம்புவதற்கு முன்தினம் தாயார் புற்றுநோயால் இறந்துபோனார். கல்லூரிப் படிப்பை முடித்துப் பட்டம் பெறுவதாக அந்த அம்மையாருக்கு வாக்குக் கொடுத்திருந்தார். தீவுக்கு வந்திருந்த இளம் ஆட்டக்காரர்களில் ஒருவர் டங்கன் ஆடியதைப் பார்த்துவிட்டு வேக் ஃபாரஸ்ட் பல்கலைக்கழகத்தின் பயிற்சியாளர் டேவ் ஓடமிடம் சொல்ல, ஓடம் தீவுக்கே போய்ப் பார்த்தார். 1993ஆம் ஆண்டில் டங்கன் அங்கே சேர்ந்தபோது வயது 17.

நான்காம் ஆண்டின் முடிவில் அவருடைய சராசரி 20.8 புள்ளி, கைப்பற்றிய பந்து 14.7. இடையில் தொழில்முறை அணிகள் பெரும் பணத்தோடு காத்திருந்தும் போகாமல், உளவியலில் பட்டம் பெற்ற பிறகே 1997ஆம் ஆண்டில் சான் அன்டோனியோவுக்குப் போய், ஐந்து முறை வெற்றிக் கிண்ணத்தை ஏந்தினார்.

அவர் கல்லூரிக்காக இறங்கிய முதல் ஆட்டம் அலாஸ்காவின் ஆங்கரேஜ் பல்கலைக்கழக அணியோடு நடந்தது. அன்றிரவு கணக்குப் புத்தகத்தில் டங்கன் என்ற பெயருக்கு நேரே எழுதப்பட்ட புள்ளிகள், பூஜ்யம்.